தொட்டுச் சொல்

அந்த முதியோர் இல்லத்தில் பதிவேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். முதலாளி எங்கோ வெளியூரில் இருந்தார், அவருக்குத் தமிழ் வராது, அதனால் இப்படி ஒரு சட்டம். எழுத வேண்டியவர்களோ ஆறு பராமரிப்புப் பெண்கள். அந்த ஆறு பேரில் ஒருத்திகூட ஆங்கிலத்தோடு சமாதானமாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவள் இல்லை. படுக்கை விரிக்கவும் குளிப்பாட்டவும் புரட்டிப் போடவும் தெரிந்தவர்களிடம் பேனாவைக் கொடுத்து இங்கிலீஷ் எழுது என்றால் எப்படி இருக்கும்? எழுதினார்கள். வேறு வழி?

அந்த ஆறு பேரில் மூத்தவளுக்குக் கொண்டையக்கா என்று பேர். பேனாவை எப்போதும் கொண்டையில் செருகி வைத்திருப்பாள். ஏழு வருடமாக அந்த இல்லத்தில் வேலை. பெரிய ஆங்கில வார்த்தைகள் அவளை ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. தெரியாவிட்டால் யாரையாவது கேட்டு எழுதிவிடலாம். அவள் உயிரை எடுத்தவை பொடி வார்த்தைகள்தான். அப், டவுன், ஆஃப், அவுட், ஓவர் என்று ஈ மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். த்ரோ என்றால் எறிவது, சரி. த்ரோ அப் என்றால் வாந்தி எடுப்பதாம். பாஸ் ஆவது பரீட்சையில். பாஸ் அவுட் என்றால் மயக்கம். பாஸ் அவே என்றால் ஆளே இல்லை, வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டியதுதான்.

"இங்கிலீஷ்காரன் வீட்டுல வினைச்சொல்லுதான் மருமக," என்பாள் டீ குடிக்கும்போது. "கூட வர்ற பொடி வார்த்தை இருக்கு பாரு, அதுதான் மாமியார். மருமக மூஞ்சியைப் பார்த்து ஒண்ணும் முடிவு பண்ணிடாதே. பின்னாடி எந்த மாமியார் வருதுன்னு பாரு." பதினாறு வருடம் மாமியாரோடு ஒரே சமையலறையில் இருந்தவள் சொன்னதால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பொடி வார்த்தைகளை அடக்குவதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஒரு குழு போய் இன்னொரு குழு வரும். போகிறவள் வருகிறவளிடம் கட்டில் கட்டிலாக ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஹேண்ட் ஓவர் என்று பேர். போகிறவள் ஒரு பொருளைக் கையால் தொட்டு அதற்குரிய இரண்டு வார்த்தையைச் சொல்வாள். கட்டிலின் பக்கக் கம்பியைத் தொட்டு, "புட் அப்." விசிறியைத் தொட்டு, "டர்ன் ஆஃப்." வருகிறவள் அதே இடத்தைத் தொட்டு அதையே திருப்பிச் சொல்வாள். சொன்னால்தான் அந்தக் கட்டில் கை மாறியது என்று அர்த்தம். பதில் வரும்வரை போகிறவள் வாசலைத் தாண்டக் கூடாது. ஒருநாள் வருகிறவளுக்குப் பேருந்து கிடைக்காமல் ஒன்றரை மணி நேரம் ஆகியும் கொண்டையக்கா நகரவில்லை, வீட்டில் சோறு ஆறிப்போனாலும் போகட்டும் என்று இருந்தாள். யாரும் எழுதி வைக்காத விதிதான் அது. ஆனாலும் ஆறு பேரும் அதை மீறியதில்லை.

மேலாளர் முதலில் கிண்டல் செய்தார். பிறகு யாரோ பார்வையாளர் பாராட்டியதும் அதையே போட்டோ எடுத்து, விளம்பரத் தாளில் அச்சடித்து, தானே கண்டுபிடித்தது போலப் பேச ஆரம்பித்தார்.

நான்காம் கட்டிலில் ஒரு தாத்தா இருந்தார். முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டியவர், அதனால் பஸ் தாத்தா. கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினாலும் "பிரேக் போட்டாச்சா?" என்று கேட்பார். போட்டாச்சு என்று சொன்னால் போதாது, குனிந்து சக்கரத்தைப் பூட்டுகிற சத்தம் அவர் காதில் விழ வேண்டும். அவர் கட்டிலின் இடது பக்கக் கம்பியில் பூட்டு ஊசி தேய்ந்துபோயிருந்தது. தூக்கி நிறுத்தினால் நிற்கும், சாய்ந்தால் சடக்கென்று இறங்கிவிடும். கொண்டையக்கா தலைமை நர்ஸிடம் சொன்னாள். "பார்க்கலாம்." நான்கு நாள் கழித்து மறுபடி சொன்னாள். "சொல்லிட்டே இருக்காதே, பார்க்கலாம்னு சொன்னேன்ல." பார்க்கலாம் என்பது அந்தச் சிஸ்டருக்குக் கைவந்த மருந்து, எல்லா நோய்க்கும் அதையே கொடுப்பார். அதனால் கொண்டையக்கா கட்டுத்துணியை இரண்டாக மடித்து, கம்பியையும் கட்டில் காலையும் மூலையில் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். பன்னிரண்டு நாள் அந்த முடிச்சுதான் தாத்தாவைத் தாங்கியது. பதிவேட்டிலும் எழுதினாள்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வழக்கம்போலத் தொட்டுச் சொல்லி ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வாங்கிக்கொண்டவள் புதுப்பொண்ணு. கல்யாணம் ஆகாதவள்தான், வேலைக்கு வந்த முதல் நாள் அப்படித் தலை குனிந்து நின்றதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. மூன்றே முக்கால் மணிக்குப் பஸ் தாத்தா தண்ணீருக்குக் கை நீட்டினார், கம்பியில் சாய்ந்தார், கம்பி இறங்கியது. இடுப்பு எலும்பு முறிந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் பிரேக்கைப் பற்றிக் கேட்டாராம்.

வியாழக்கிழமை காலை கொண்டையக்கா வந்தபோது நான்காம் கட்டிலில் புதுக் கம்பி பளபளவென்று இருந்தது. அத்தனை நாள் வராத கம்பி ஒரே ராத்திரியில் வந்துவிட்டது.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். ஏழு வருடத்தில் அவர் நாற்காலி போடச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழகாக டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். பணி முடித்துச் சென்ற ஊழியர் கட்டிலின் கம்பியைத் தூக்கி நிறுத்தவில்லை என்று அதில் சுத்தமான ஆங்கிலத்தில் இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"நான் இப்படி எழுதலையே சார்."

"நீங்க எழுதினது யாருக்கும்மா புரியும்?" பதிவேட்டைப் புரட்டி வாசித்தார். "ரெயில் புட் அப். நாட் ஸ்டே அப். டை அப் கிளாத். டோல்ட் சிஸ்டர் டூ டைம். இது என்ன மொழி? நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க. இதைப் படிச்சா சிரிப்பாங்க. அதான் உங்க மனசுல இருந்ததை நான் சரியான இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்கேன்."

"கம்பியைத் தூக்கி விட்டேன், அது நிக்கல, துணியால கட்டினேன், சிஸ்டர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவா. என் மனசுல இருந்தது அந்தப் பதிவேட்டுல இருக்கு சார். உங்க மனசுல இருக்கிறது இந்தத் தாள்ல இருக்கு."

மேலாளருக்குப் புரியாமல் இல்லை. தெள்ளத் தெளிவாகப் புரிந்ததால்தான் திருத்த வந்தார். புரியாத ஆங்கிலமாக இருந்திருந்தால் அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்.

"கையெழுத்துப் போட்டா ஒரு எச்சரிக்கையோட விட்டுடறேன்," என்றார். "போடலேன்னா வேலை போகும். இன்னொரு தாளும் பாருங்க." அதில் புதுப்பொண்ணின் கையெழுத்து இருந்தது. தான் பொறுப்பேற்றபோது கம்பி கீழே இறங்கியிருந்தது என்று எழுதியிருந்தது. வேலைக்கு வந்து ஐந்து மாதம், நிரந்தரம் ஆவதற்கான கடிதம் மேலாளரின் இழுப்பறையில் இருக்கிறது. அவள் என்ன செய்வாள்? கொண்டையக்காவுக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது, அடுத்த நிமிடமே பாவமாகவும் இருந்தது. தாளைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் மகள் மறுநாள் பரீட்சைக்காக அப், டவுன் கூட்டத்தை நூற்றிருபது வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த கணவன் முகத்தைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா வேலை நிக்கும்," என்றாள் அவள். "ஆனா கம்பியைத் தூக்காம போனவன்னு பேர் வந்துட்டா, அப்புறம் எந்த வீட்டுல என்னை நம்பி ஒரு வயசானவரை விடுவாங்க? அதை விடு. ஆஸ்பத்திரியில அந்த மனுஷன் காதுல என்ன சொல்லுவாங்க? அந்தக் கொண்டைக்காரி உங்க கம்பியை விட்டுட்டுப் போயிட்டான்னுதானே?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுததற்காகத் தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"போடாதே," என்றான் அவன். "ஆனா நாளைக்கு அங்க போய்க் கத்தாதே. கத்தினா, கத்தினதை மட்டும் எழுதிக்குவாங்க."

"டேக் பேக்," என்று மகள் உள்ளேயிருந்து ராகம் போட்டாள். "சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுதல். டேக் பேக், டேக் பேக்."

"அது எனக்குத் தெரியாதே," என்றாள் அம்மா. "இன்னொரு தடவை சொல்லு."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். ஐம்பது வயது அம்மாள். தோளில் துணிப்பை, கையில் வீட்டுத் தண்ணீர் பாட்டில். மேலாளர் ஆப்பிள் ஜூஸ் வரவழைத்தார், அவர் தொடவில்லை. டைப் அடித்த தாள்களை வாசித்தார், பதிவேட்டையும் வாசித்தார். கொண்டையக்காவின் வரிகளில் அவர் விரல் ரொம்ப நேரம் நின்றது.

"இதுவும் அதுவும் வேற வேற சொல்லுதே," என்றார்.

"அவங்களுக்கு இங்கிலீஷ் வராது மேடம், பாவம்," என்றார் மேலாளர். "ஒண்ணு நினைச்சு ஒண்ணு எழுதிடுவாங்க. எங்க முறையில தப்பே கிடையாது. எங்க ஹேண்ட் ஓவர் மாதிரி நீங்க எங்கயும் பார்த்திருக்க மாட்டீங்க. ஒவ்வொண்ணையும் தொட்டுச் சொல்லணும்!" விளம்பரத் தாளை எடுத்து நீட்டினார்.

கொண்டையக்கா சுவரோரமாக நின்றிருந்தாள், பக்கத்தில் ஆய்வுக்காக மேலாளர் முன்கூட்டியே வரவழைத்திருந்த புதுப்பொண்ணு. கத்தாதே என்று கணவன் சொன்னது நினைவில் இருந்தது, அதனால் மெதுவாகத்தான் பேசினாள்.

"செஞ்சு காட்டறோம் மேடம். புதன்கிழமை ரெண்டு மணிக்கு நானும் இவளும் செஞ்சதை அப்படியே."

மேலாளர் வாயைத் திறந்தார். தன் கையாலேயே விளம்பரத் தாளைக் கொடுத்த பிறகு எப்படி வேண்டாம் என்பது? புதுப்பொண்ணைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார், இழுப்பறையை ஞாபகப்படுத்துகிற பார்வை.

எல்லோரும் நான்காம் கட்டிலருகே போனார்கள். காலிப் படுக்கை, புது விரிப்பு, புதுக் கம்பி. கொண்டையக்கா குனிந்து சக்கரத்தைத் தொட்டாள்.

"லாக் ஆன்."

புதுப்பொண்ணு குனிந்து தொட்டாள். "லாக் ஆன்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அழைப்பு மணி. "ப்ளக் இன்." "ப்ளக் இன்." விசிறி. "டர்ன் ஆஃப்." "டர்ன் ஆஃப்." மூன்றாவதிலேயே குரல் வழக்கத்துக்கு வந்துவிட்டது. தினமும் செய்கிற வேலைக்குள் போய்விட்டால் யார் பார்க்கிறார்கள் என்பது மறந்துபோகும். கைக்கு அது தெரியும், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கொண்டையக்கா இடது கம்பியின் மேல்பகுதியில் கை வைத்தாள். "புட் அப்."

"புட் அப்," என்று புதுப்பொண்ணும் அதே இடத்தில் கை வைத்தாள். வைத்த கை அங்கே நிற்கவில்லை. கம்பியோடு வழுக்கிக்கொண்டு மூலைக்குப் போனது. கட்டில் காலும் கம்பியும் சேருகிற இடத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்து இறுக்கிப் பார்க்க முயன்றன. அங்கே ஒன்றும் இல்லை. வழவழவென்று புது இரும்பு. விரல்கள் மறுபடி தேடின. பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கை அப்படியே உறைந்து நின்றது.

இதைக் கொண்டையக்கா திட்டம் போட்டுச் செய்யவில்லை. வாயாவது தடுமாறாதா என்ற நப்பாசையில்தான் கூப்பிட்டாள். பன்னிரண்டு நாள் தான் சொல்லிச் சொல்லிச் சரிபார்க்க வைத்த அந்தக் கை இப்படித் தேடிக்கொண்டு போகும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"அங்க என்ன தேடறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

மேலாளர் இருமினார்.

"இருமாதீங்க சார்," என்றார் அதிகாரி. "நீங்க சொல்லும்மா."

"முடிச்சு," என்றாள் புதுப்பொண்ணு. சொன்னதும் அணை உடைந்தது. "அக்கா துணியால கட்டியிருந்தாங்க. தினமும் முடிச்சைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். அன்னிக்கு மூணு மணிக்கு வெளியாளுங்க சுத்திப் பார்க்க வந்தாங்க. கட்டுத்துணி அசிங்கமா இருக்கு, அவிழ்த்துடுன்னு சிஸ்டர் சொன்னாங்க. அவிழ்த்தது நான்தான். என் கையாலதான் அவிழ்த்தேன்."

"திரும்பக் கட்டச் சொன்னேனே!" என்றார் தலைமை நர்ஸ்.

"சொல்லல சிஸ்டர். திரும்பக் கட்டட்டுமான்னு கேட்டேன், பார்க்கலாம்னு சொன்னீங்க."

அதிகாரி பதிவேட்டைத் தன் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். கொண்டையக்காவிடம் ஒரு வாக்குமூலம் வேண்டும் என்றார். "நான் டைப் பண்ணித் தர்றேன் மேடம்," என்று மேலாளர் பாய்ந்தார். இத்தனை நடந்த பிறகும் அந்த ஆளுக்கு டைப் அடிக்கத்தான் கை துறுதுறுத்தது.

"வேண்டாம். நீங்க தமிழ்லயே எழுதுங்கம்மா," என்றார் அதிகாரி.

கொண்டையக்கா கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். "தமிழ்ல நல்லாவே எழுதுவேன் மேடம். ஆனா இங்கிலீஷ் வராதுன்னு சொல்லித்தானே என் வாயை அடைக்கப் பார்த்தாங்க? அதே இங்கிலீஷ்லதான் எழுதுவேன். என் இங்கிலீஷ்ல."

சுவரில் தாளை வைத்து எழுதினாள். ரெயில் புட் அப். நாட் ஸ்டே அப். டை அப் கிளாத். டோல்ட் சிஸ்டர் டூ டைம். கொஞ்சம் யோசித்துவிட்டு ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தாள். ஐ நாட் டேக் பேக். கையெழுத்துப் போட்டு அழுத்திக் கோடு இழுத்தாள்.

அதிகாரி வாசித்தார். "இதுல எனக்குப் புரியாதது ஒண்ணும் இல்லை," என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியவரையும் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

"பார்த்தா, பிரேக் போட்டிருக்குன்னு சொல்லுங்க மேடம்," என்றாள் கொண்டையக்கா.

அதிகாரியின் வண்டி வாசலைத் தாண்டியதும் மேலாளரின் மரியாதையும் கூடவே தாண்டிப் போய்விட்டது.

"நாளையிலேருந்து நீ வராதே. சாவியைக் குடு. மணி ரெண்டாகப் போகுது, டூட்டியை ஹேண்ட் ஓவர் பண்ணிட்டுக் கிளம்பு."

சாவியைக் கொடுத்தாள். அலமாரிச் சாவி அவருடையது, வைத்துக்கொள்ளட்டும். பிறகு நேராக ஒன்றாம் கட்டிலுக்குப் போனாள். அங்கே தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் தலையணையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். கொண்டையக்கா கம்பியில் கை வைத்தாள்.

"புட் அப்."

"என்ன இது?" என்றார் மேலாளர்.

"ஹேண்ட் ஓவர் பண்ணச் சொன்னீங்களே சார். வாங்கிக்கிறவங்க தொட்டுத் திருப்பிச் சொல்லணும். உங்க விளம்பரத்துல போட்டிருக்கே. யார் வாங்கிக்கிறது? நீங்களா? வாங்க, தொடுங்க. பன்னிரண்டு கட்டில் இருக்கு. இவங்களுக்கு எந்தப் பக்கம் படுத்தா மூச்சு வாங்கும்னு சொல்லுங்க. ஏழாவது அய்யாவுக்கு எந்தக் காது கேட்கும்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நான் போய்க்கிட்டே இருக்கேன்."

மேலாளரின் கை கம்பி வரைக்கும்கூட வரவில்லை. அந்த அறைக்குள் யாருக்கு எந்தக் கட்டில் என்றே அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தார். இரண்டு மணிக் குழுவின் மற்ற இரண்டு பேரும் கைப்பையோடு வந்து நின்றிருந்தார்கள், அவர்களுக்கு முன்னால் புதுப்பொண்ணு.

"ஏய், நீ வா. டேக் ஓவர் பண்ணு."

புதுப்பொண்ணு முன்னால் வந்தாள். கட்டிலருகே, கொண்டையக்காவுக்கு எதிரே நின்றாள். இழுப்பறைக்குள் அவளுடைய கடிதம் இருந்தது, எல்லோருக்கும் தெரியும். மேலாளர் அவள் கையைப் பார்த்தார். கொண்டையக்கா அவள் கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் கேட்பது போல ஆகிவிடும் என்று தரையைப் பார்த்தாள்.

புதுப்பொண்ணு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அதேபோலக் கட்டிக்கொண்டார்கள்.

"புட் அப்," என்றாள் கொண்டையக்கா மறுபடியும். இந்தத் தடவை கத்தினாள்.

யாரும் பதில் சொல்லவில்லை.

"பதில் வரலேன்னா நீ போக முடியாதுல்ல?" என்றார் தபாலம்மா தலையணையிலிருந்து. "அப்ப நின்னுக்கிட்டே இருக்காம எனக்குக் கொஞ்சம் தண்ணி எடுத்துக் குடு."

கொண்டையக்கா பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனாள்.